38,500 ரூபாய் பேக்கேஜ் சொல்றாங்க. இது பதிப்பகமா, பணம் பறிக்கிற வேலையா?

சங்குத்துறை (பெரியபட்டினம்)

எல்லாருக்கும் வணக்கம். சங்கு குளிக்கிறவங்க பேச்சு, காத்துக்கும் நீரோட்டத்துக்கும் நம்ம கரையில வழங்குற பேர்கள், வலை வகைகள்னு கடல் சொற்களைத் தொகுத்து வச்சிருக்கேன். டெமி அளவுல (சாதாரணப் புத்தக அளவு) 160 பக்கம் வரும். ஃபேஸ்புக் விளம்பரத்துல பார்த்த ஒரு பதிப்பகத்துக்கு (பேர் இங்க வேண்டாம்) அனுப்பினேன். மறுநாளே "எங்கள் தேர்வுக் குழு உங்கள் படைப்பை ஏற்றுக்கொண்டது"ன்னு வாட்ஸ்அப்ல பதில் வந்துருச்சு. கூடவே ஒரு பேக்கேஜ்.

மொத்தம் 38,500. அதுல எடிட்டிங், அட்டை, ஐ.எஸ்.பி.என். (புத்தக அடையாள எண்), காப்பிரைட் பதிவு, 30 பிரதி, அமேசான்ல விற்பனை, "100% ராயல்டி", நூலக ஆணைக்கு (அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குற உத்தரவு) ஏற்பாடு, ஒரு "இளம் படைப்பாளி" விருது எல்லாம் அடக்கமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள 10,000 கட்டினா 20% தள்ளுபடி. ஜிபே நம்பர் ஒரு தனிநபர் பேர்ல இருக்கு. ஒப்பந்தத்தை முதல்ல காட்டுங்கன்னு கேட்டா, டோக்கன் கட்டினதும் அனுப்புவோம்ங்கிறாங்க.

என் சந்தேகங்கள் இவ்வளவுதான். எழுதுறவங்ககிட்ட காசு கேட்டாலே மோசடியா? இந்த மாதிரி ஆளுங்களை எப்படிச் சரிபார்க்கிறது? ஒப்பந்தத்துல எந்த வரியைப் பார்க்கணும்? என் தோழி ஒருத்தி இதே இடத்துல ஏற்கெனவே 10,000 கட்டிட்டா, அவ இப்ப என்ன பண்ணணும்?

அச்சுக்கோத்தவர் (ராமநாதபுரம்)

அக்கா, காசு கேக்குற எல்லாரும் ஏமாத்துக்காரங்க இல்ல. எதுக்குக் கேக்குறாங்க, கேட்டுட்டு எதை வச்சுக்கிறாங்கங்கிறதுதான் விஷயம்.

பதிப்பகம்னா அவங்க சொந்தக் காசுல புத்தகம் போட்டு, வாசகர்கிட்ட வித்து, உங்களுக்கு ராயல்டி தரணும். விலையில 10% பொதுவான கணக்கு, 7.5% தர்றவங்களும் உண்டு. சின்னப் பதிப்பகங்கள் பல நேரம் ராயல்டிக்குப் பதிலா பிரதிகள் குடுத்துடுவாங்க. அது குறைதான், மோசடி இல்ல. அடுத்தது சேவை. நீங்களே பதிப்பாளர், வடிவமைப்புக்கு இவ்வளவு, மெய்ப்புக்கு (பிழை பார்க்கிறதுக்கு) இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவுன்னு தனித்தனியா பில் போட்டுக் காசு வாங்கிட்டு, ஃபைலையும் புத்தகத்தையும் உங்க கையில குடுத்துட்டுப் போயிடுவாங்க. இதுலயும் தப்பில்ல. சிக்கல் மூணாவது வகையிலதான். சேவைக்கான காசையும் உங்ககிட்ட வாங்கி, பதிப்பாளருக்கான உரிமையையும் தானே எடுத்துக்கிறது. உங்களுக்கு வந்திருக்கிறது இந்த வகை.

இந்த "100% ராயல்டி"யைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. கணக்கு புரியறதுக்காக முழு எண்களா வச்சுக்குவோம். புத்தக விலை 200. கடைக்கோ இணையத் தளத்துக்கோ 40% கழிவு, 80 போச்சு. அச்சுக்கூலி 90. "கையாளும் கட்டணம்" 20. மிச்சம் 10 ரூபாய். அந்தப் பத்து ரூபாய்ல 100 சதவீதம்தான் உங்களுக்கு. இதே புத்தகத்துக்கு வழக்கமான பதிப்பகம் விலையில 10% குடுத்தாலே 20 ரூபாய் வரும். 10 ரூபாய் வீதம் 38,500-ஐத் திரும்ப எடுக்க 3,850 பிரதி விக்கணும். தமிழ்ல இந்த மாதிரி புத்தகத்துக்கு முதல் அச்சு 500-க்குக் கீழ போடறதே இப்ப சகஜம். அதனால எப்பவும் "எதோட சதவீதம்?"னு கேளுங்க. அச்சிட்ட விலையோடவா, கைக்கு வந்த தொகையோடவா, செலவு போன லாபத்தோடவா? லாபம்னு சொன்னா அந்தச் செலவுக் கணக்கை எழுதறது அவங்கதான்.

ஆசிரியர் பிரதி அவங்களுக்கு இன்னொரு வருமானம். "உங்களுக்கு மட்டும் 20% கழிவு"ம்பாங்க. 160 ரூபாய்க்கு வாங்குவீங்க, அடக்கம் 90. வெளியீட்டு விழாவுக்கு 200 பிரதி எடுங்கன்னு நெருக்குவாங்க. அந்த 200-ல மட்டும் 14,000 லாபம், வாசகர் ஒருத்தர்கூட வாங்காமலே. சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்கதான் இவங்களோட உண்மையான சந்தை.

நீங்களே போடறதா இருந்தா குறைஞ்சது மூணு அச்சகத்துல கொட்டேஷன் வாங்குங்க. மூணு பேர்கிட்டயும் ஒரே வாசகத்தைக் குடுங்க, இல்லைன்னா விலையை ஒப்பிடவே முடியாது: "டெமி, 160 பக்கம், உள்தாள் 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ, ஒரு வண்ணம், அட்டை 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டு, நாலு வண்ணம், மேட் லேமினேஷன், பெர்ஃபெக்ட் பைண்டிங், 100 பிரதிக்கு எவ்வளவு, 300-க்கு எவ்வளவு". (ஜி.எஸ்.எம்.ங்கிறது தாளோட எடைக் கணக்கு, மேப்லித்தோ புத்தகத்துக்குப் போடற வெள்ளைத் தாள்.) நூறு, நூத்தைம்பது பிரதிக்கு டிஜிட்டல் அச்சுதான் தோது. 300, 500-க்கு மேல போனா ஆஃப்செட் (தகடு போட்டு அடிக்கிறது) கட்டுப்படியாகும். ஆஃப்செட்ல 16 பக்கம் ஒரு ஃபாரம். 160 பக்கம் சரியா 10 ஃபாரம். 163 ஆச்சுன்னா அந்த மூணு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஏறும், கூலியும் ஏறும். முன்னுரையை அந்த மூணு பக்கம் சுருக்கினாலே காசு மிச்சமாகும் (அணிந்துரை எழுதித் தர்றவங்ககிட்ட இதைச் சொல்றதுதான் கஷ்டம்). முழு அச்சுக்கு முன்னாடி ஒரு மாதிரிப் பிரதி கேட்டு வாங்குங்க. கொட்டேஷன்ல 70 போட்டுட்டு 58 ஜி.எஸ்.எம். தாள்ல அடிச்சா, பின்பக்க எழுத்து முன்பக்கத்துல நிழலாடும். வெளிச்சத்துல பிடிச்சாலே தெரிஞ்சிடும்.

ஃபைல் விஷயத்துல ஏமாறாதீங்க. வேலை முடிஞ்சதும் அச்சுக்குப் போன பி.டி.எஃப்., திருத்தக்கூடிய இன்டிசைன் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) ஃபைல், அட்டையோட மூல ஃபைல் மூணும் வேணும். பி.டி.எஃப்.ல ஒரு வரியை காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டிப் பாருங்க. தமிழ் தமிழாவே விழுந்தா யூனிகோடு. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா கொட்டினா பாமினி மாதிரி பழைய எழுத்துருவுல கோத்திருக்காங்க. அச்சுக்கு அது பிரச்சினை இல்ல. நாளைக்கு மின்னூல் போடவோ வேற பதிப்பகத்துக்குப் போகவோ அந்த ஃபைல் உதவாது. மாத்தித் தர தனிக் காசு கேப்பாங்க, மாத்தும்போது கொம்பும் காலும் இடம் மாறும். உங்களோடது சொற்தொகுப்பு, ஒவ்வொரு சொல்லையும் மறுபடி சரிபார்க்க வேண்டி வரும்.

எடிட்டிங்னு சொல்றதையும் நம்பாதீங்க. 10 பக்கம் குடுத்து திருத்தித் தரச் சொல்லுங்க. ஒற்றுப்பிழையை மட்டும் தொட்டுட்டு, "சோழகம்", "கச்சான்" மாதிரி காத்துப் பேரையெல்லாம் எழுத்துப்பிழைன்னு மாத்தி வச்சிருந்தா, மென்பொருள்ல ஓட விட்டுக் குடுத்திருக்காங்கன்னு அர்த்தம்.

சட்டப்புத்தகம் (கீழக்கரை)

லாத்தா (அக்கா), பணம் கட்டின பிறகுதான் ஒப்பந்தம் என்று சொல்கிற இடத்தில் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தைப் படிக்காமல் கட்டுகிற டோக்கனுக்கு என்ன பெயர் வைத்தாலும், "திரும்பத் தரப்படாது" என்ற வரி பிறகு வரும் ரசீதில் இருக்கும்.

சட்டம் எழுத்தாளருக்குச் சாதகமாகவே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்பதையெல்லாம் அதில் குறிப்பிட வேண்டும். காலம் சொல்லாமல் விட்டால் 5 ஆண்டு. நிலப்பரப்பு சொல்லாமல் விட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர. இந்த "தவிர"தான் அவர்கள் நுழைகிற வாசல். எந்த இடத்தையும் காலியாக விடாமல் "பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், எல்லா மொழிகளிலும், எல்லா ஊடகங்களிலும்" என்று எழுதி வைப்பார்கள். பதிப்புரிமைக் காலம் என்றால் உங்கள் ஆயுளும் அதற்குப் பிறகு 60 ஆண்டும். பேரப்பிள்ளைகள்கூட அந்தப் புத்தகத்தைத் தொட முடியாது.

நம்ம கரையில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கின படகு, மீனை வேறு யாருக்கும் போட முடியாது. இங்கே முன்பணத்தையும் நீங்களே கொடுத்துவிட்டு, மீனையும் காலம் பூராவும் அவருக்கே போடுகிறேன் என்று கையெழுத்துப் போடுகிறீர்கள்.

பார்க்க வேண்டிய வரிகள். அச்சு உரிமை மட்டும், தமிழில் மட்டும், 3 அல்லது 5 ஆண்டுக்கு என்று இருக்கட்டும். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்படம் எல்லாம் உங்களிடமே. மின்னூல் வேண்டுமென்றால் அதற்குத் தனி விகிதம் போடுங்கள். கணக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எத்தனை அச்சடித்தது, எத்தனை விற்றது, எத்தனை கையிருப்பு என்ற மூன்று எண்ணும் அதில் இருக்க வேண்டும். "அடுத்த நூலும் எங்களுக்கே" என்ற வரியையும், "விலகினால் 25,000 செலுத்த வேண்டும்" போன்ற வரியையும் அடித்துவிடுங்கள்.

உரிமை எப்போது உங்களுக்குத் திரும்பும் என்பதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பழைய ஒப்பந்தங்களில் "பிரதி தீர்ந்து ஆறு மாதத்துக்குள் மறுபதிப்பு வராவிட்டால் உரிமை ஆசிரியருக்கே" என்று இருக்கும். ஆர்டர் வரும்போது மட்டும் பிரதி அச்சடிக்கும் முறை வந்தபின் பிரதி தீருவதே இல்லை. இணையத்தில் அந்தப் பக்கம் இருக்கிற வரை "கிடைக்கிறது" என்றுதான் கணக்கு. ஆகவே இருப்பை வைத்து எழுதாமல் விற்பனையை வைத்து எழுதுங்கள்: தொடர்ந்து 12 மாதத்தில் 50 பிரதிக்குக் கீழே விற்றால், ஆசிரியர் எழுதிக் கேட்ட 30 நாளில் உரிமை திரும்பும், இணையத்தில் உள்ள விற்பனைப் பக்கங்களும் நீக்கப்படும்.

காப்பிரைட் பதிவு பற்றி: நீங்கள் எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை, தகராறு வந்தால் சான்றாக உதவும். அரசின் பதிப்புரிமை அலுவலகத் தளத்தில் இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய்தான் கட்டணம். ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. இதற்கே ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு விண்ணப்பத்தில் உரிமையாளர் இடத்தில் தங்கள் நிறுவனப் பெயரைப் போடுகிறார்களா என்று பாருங்கள்.

இன்னொன்று, புத்தகத்தில் படம் சேர்ப்பதாக இருந்தால். தனுஷ்கோடி தேவாலயச் சுவர், பாம்பன் பாலம் என்று கூகுளில் எடுத்து ஒட்டிவிடுவார்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் "படங்களுக்கு ஆசிரியரே பொறுப்பு" என்று இருக்கும், வழக்கு உங்கள் மேல்தான் வரும். படம் எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அல்லது நீங்களே எடுங்கள்.

மெய்ப்பு (தொண்டி)

சரிபார்க்கிற வேலையை நான் சொல்றேன். கையில ஒரு போன் இருந்தா அரை மணி நேரத்துல முடியும்.

ஜி.எஸ்.டி. எண் கேளுங்க. 15 எழுத்து. முதல் ரெண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். மொத்தத்துல ஆறாவதா வர்ற எழுத்து ஆள் யாருன்னு சொல்லிடும்: 'பி' தனிநபர், 'சி' கம்பெனி, 'எஃப்' கூட்டு நிறுவனம். லெட்டர்பேட்ல "பிரைவேட் லிமிடெட்"னு இருந்து ஆறாவது எழுத்து 'பி'யா இருந்தா ஒண்ணு பொய். ஜி.எஸ்.டி. தளத்துல எண்ணைப் போட்டுத் தேடினா சட்டப்படியான பேர், பதிவான தேதி, இப்ப நடப்புல இருக்கா ரத்தாயிடுச்சான்னு எல்லாம் வரும். கம்பெனின்னா கம்பெனி விவகார அமைச்சகத் தளத்துல எப்ப தொடங்கினது, முகவரி என்னன்னு பாக்கலாம். "15 ஆண்டு அனுபவம்"னு சொல்ற கம்பெனி போன வருஷம் பதிவானதா இருக்கும். உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றிதழைக் காட்டி "அரசு அங்கீகாரம்"னு சொன்னா மதிக்காதீங்க. அது யாரும் தானே விவரம் குடுத்து இலவசமா எடுத்துக்கிற பதிவு. பதிப்பகத் தரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

கம்பெனின்னு சொல்றவங்க தனிநபர் பேர்ல யூ.பி.ஐ.ல பணம் கேட்டா கட்டாதீங்க. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. சேவைக் கட்டணத்துக்கு உண்டு. ஜி.எஸ்.டி.ன்னு சொல்லிக் காசு வாங்கினா அந்த எண் போட்ட வரி ரசீது தரணும்.

ஐ.எஸ்.பி.என். இந்தியாவுல இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ இருக்கிற ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை குடுக்குது, அவங்க தளத்துல தனி எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். ஐ.எஸ்.பி.என்.னுக்கு 3,000, 5,000னு பில் போட்டா அது விண்ணப்பம் நிரப்பின கூலி மட்டும்தான். யார் பேர்ல வாங்குறாங்கங்கிறது காசை விட முக்கியம். அந்த எண் அவங்க பேர்ல இருந்தா, நீங்க வெளிய வந்து மறுபதிப்பு போடும்போது புது எண்தான் எடுக்கணும்.

எண் போலியான்னு தெரிய ஒரு சின்னக் கணக்கு. 13 இலக்கத்துல முதல் பன்னிரண்டை வரிசையா 1, 3, 1, 3ன்னு பெருக்கிக் கூட்டுங்க. வர்ற தொகையோட அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறையுதோ அதுதான் கடைசி இலக்கம். உதாரணத்துக்கு 978-93-00000-00 என்று இருந்தா: 9 + 21 + 8 + 27 + 3 = 68. எழுபதுக்கு 2 குறையுது, கடைசி இலக்கம் 2 வரணும். வரலைன்னா வாய்க்கு வந்த எண்ணை அச்சடிச்சிருக்காங்க. சரியா வந்துட்டா மட்டும் நல்லதுன்னு அர்த்தமில்ல. ஒரே எண்ணை ரெண்டு, மூணு புத்தகத்துக்குப் போடறவங்களும் இருக்காங்க, அதனால எண்ணை இணையத்துல தேடியும் பாருங்க. அமேசான்ல 'பி'யும் பூஜ்யமுமா தொடங்குற பத்து இலக்கக் குறி ஐ.எஸ்.பி.என். இல்ல, அது அவங்க கடையோட உள் எண்.

"அமேசான்ல போடறோம்"ங்கிறது பெரிய சேவை மாதிரி தெரியும். கிண்டில்ல தமிழ் மின்னூலை நீங்களே போடலாம், கட்டணம் ஒரு பைசா கிடையாது. "அமேசான் பப்ளிஷிங்ல இருந்து பேசுறோம்"னு போன் போட்டுக் காசு கேக்குறவன் அமேசான் ஆள் இல்ல.

நூலக ஆணையை யாராலும் உறுதியா வாங்கித் தர முடியாது. பொது நூலகத் துறைக்கு விண்ணப்பம் போடலாம், தேர்வாகுறது அவங்க கையில. அதுக்குன்னு முன்கூட்டியே "செலவு" கேட்டா, அது லஞ்சம்னு சொல்லிக் கேக்குற மோசடி. விருதும் அப்படித்தான். சாகித்ய அகாதமிக்கு நுழைவுக் கட்டணம்னு ஒண்ணு இல்ல. பதிவுக் கட்டணம், கேடயச் செலவு, சால்வைச் செலவுன்னு வாங்கிட்டுக் குடுக்குற விருதை நீங்க விலைக்கு வாங்குறீங்க. கவிதை வாட்ஸ்அப் குழுக்கள்ல ஓடுற "100 கவிஞர் தொகுப்பு, உலக சாதனை" வகையும் இதுதான். தலைக்கு 300 ரூபாய், ஒரு சான்றிதழ், புத்தகம் வேணும்னா தனி விலை. நூறு பேர் கட்டினா அச்சுச் செலவு போக லாபம் முதல்நாளே வந்துடும், அப்புறம் விக்கணும்ங்கிற கவலை எதுக்கு?

லண்டன், நியூயார்க் ஏஜெண்டுன்னு மின்னஞ்சல் வந்தா முகவரியை எழுத்து எழுத்தா படிங்க. இலக்கிய முகவர் நீங்க சம்பாதிக்கிறதுல பங்கு எடுப்பார், படிக்கிறதுக்குக் காசு கேக்க மாட்டார். ஃபிலிப்போ பெர்னார்டினின்னு ஒருத்தர், லண்டன்ல ஒரு பெரிய பதிப்பகத்துலயே வேலை பார்த்துக்கிட்டு, மத்த பதிப்பகங்கள் பேர்ல போலி முகவரி உண்டாக்கி, ஆயிரத்துக்கும் மேல கையெழுத்துப் பிரதிகளை வாங்கிட்டார். 2022 ஜனவரியில நியூயார்க்ல கைதாகி, 2023-ல குற்றத்தை ஒத்துக்கிட்டார். அவரோட தந்திரம், முகவரியில 'எம்' வர்ற இடத்துல 'ஆர்', 'என்' ரெண்டையும் ஒட்டி வைக்கிறது. சின்ன எழுத்துல கண்ணுக்கே தெரியாது.

பணத்துக்கு வர்றவங்க வேற ரகம். அமெரிக்காவுல 2025 ஜனவரியில ஒரு கும்பல் மேல வழக்குப் போட்டதை சான் டியாகோ அரசு வழக்கறிஞர் அலுவலகம் அறிவிச்சது. பெரிய பதிப்பகங்களும் சினிமா கம்பெனிகளும் உங்க புத்தகத்தைக் கேக்குறாங்கன்னு சொல்லி, 800-க்கும் மேலான எழுத்தாளர்கள்கிட்ட 4.4 கோடி டாலர் வாங்கினதா குற்றச்சாட்டு. வரி, பரிவர்த்தனைக் கட்டணம்னு ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே போனாங்களாம். உண்மையான ராயல்டியில வரி பிடிக்கணும்னா தர்ற பணத்துலயே பிடிச்சுக்கிட்டுத் தருவாங்க. வருமான வரித் தளத்துல உங்க வரிப்பிடித்தக் கணக்குல அது தெரியும். ராயல்டியை விடுவிக்க நீங்க முதல்ல வரி கட்டணும்னு ஒரு நடைமுறையே இல்ல.

இப்ப புதுசா வர்றது புகழ்ச்சிக் கடிதம். உங்க புத்தகத்தோட அட்டை வாசகத்தை ஏ.ஐ.ல போட்டு, ரெண்டு பக்கத்துக்கு உருகி எழுதி, வாசகர் வட்டத்துல பேசுறோம்னு கடைசியில "இடம் ஒதுக்கும் கட்டணம்" கேப்பாங்க. பின்னட்டையில இல்லாத ஒரு விஷயத்தைப் பத்திக் கேள்வி கேளுங்க. "நாலாவது அத்தியாயத்துல வர்ற வலைப் பேரு எது உங்களுக்குப் பிடிச்சது?"ன்னு கேட்டா பதில் வழுக்கும். வெளிநாட்டுப் பேர் எதையும் சரிபார்க்க, ரைட்டர் பிவேர்ங்கிற தளத்துல தேடுங்க. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்தோட ஆதரவுல 1998-ல இருந்து நடக்குது, படிக்க இலவசம்.

சங்குத்துறை (பெரியபட்டினம்)

எல்லாருக்கும் நன்றி. சட்டப்புத்தகம் காக்கா (அண்ணன்) சொன்ன மாதிரி ஒப்பந்தம் பார்க்காம கட்ட மாட்டேன்னு எழுதினேன். "நம்பிக்கை இல்லாதவர்களோடு நாங்கள் பயணிப்பதில்லை"ன்னு ஒரு பதில், ஒரு மணி நேரத்துல "சிறப்புச் சலுகை 24,000"ன்னு இன்னொரு பதில்! தோழியோட விஷயம் மட்டும் பாக்கி. அவ போன மாசம் கட்டினா. ரசீது இல்ல, வாட்ஸ்அப் பேச்சு மட்டும் இருக்கு. மீதி 28,500 கட்டினாத்தான் வேலை தொடங்கும்ங்கிறாங்க.

ஆய்வுமேசை (மண்டபம்)

கேள்விக்குச் சற்றுத் தள்ளி ஒன்று. கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்களும் கடல் உயிரியல் படிக்கிற ஆய்வு மாணவர்களும் இதே குழியில் வேறு பக்கமாக விழுகிறார்கள். "ஐ.எஸ்.பி.என். உள்ள நூலில் ஓர் அத்தியாயம், 1,500 ரூபாய், மூன்று நாளில் ஏற்புக் கடிதம்" என்று வரும். மூன்று நாளில் யாரும் உங்கள் கட்டுரையை மதிப்பிட முடியாது. ஐ.எஸ்.பி.என். (நூலுக்கு), ஐ.எஸ்.எஸ்.என். (இதழுக்கு), டி.ஓ.ஐ. (இணையத்தில் உள்ள கட்டுரைக்கு) மூன்றும் அடையாள எண்கள், தரச் சான்று இல்லை. ஐ.எஸ்.எஸ்.என்.னும் இந்தியாவில் இலவசம்தான். "இம்பாக்ட் ஃபேக்டர் 7.8" (இதழின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு) என்றால் யார் கணக்கிட்டது என்று கேளுங்கள். கிளாரிவேட் நிறுவனம் வெளியிடுவது அல்லாமல், அதே பெயர் வைத்து விற்கிற எண்கள் ஏராளம். ஸ்கோபஸ் (ஆய்விதழ்களின் தரவுத்தளம்) என்று சொன்னால் இதழின் தளத்தில் உள்ள இணைப்பைச் சொடுக்காமல், ஸ்கோபஸ் பட்டியலுக்கு நேராகப் போய்ப் பாருங்கள். நல்ல இதழின் பெயரிலேயே நகல் தளம் நடத்துகிறவர்கள் உண்டு. காசுக்குக் கட்டுரை போடும் இதழ்களை அடையாளம் காட்டிய ஜெஃப்ரி பீலின் பட்டியல் 2017-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகரித்த இதழ்களுக்கான யு.ஜி.சி. கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. "யு.ஜி.சி. கேர் அங்கீகாரம்" என்று இன்றைக்கும் விளம்பரம் செய்கிற இதழுக்கு அந்த ஒரு வரியே போதும்.

சட்டப்புத்தகம் (கீழக்கரை)

தோழி இரண்டாம் தவணை கட்டவே கூடாது. "மீதி கட்டினால்தான் முதலில் கட்டினதும் பிழைக்கும்" என்பதை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

முதல் வேலை, ஆதாரம். வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து தனக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளட்டும். விளம்பரம், விலைப்பட்டியல், யூ.பி.ஐ. பரிவர்த்தனை எண், பணம் போன பெயர் எல்லாவற்றையும் படமெடுக்கட்டும். போனை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாக்ஷ்ய சட்டம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்கீழ் சான்று தர வேண்டி வரும், அதற்கு மூலக் கருவி இருப்பது நல்லது.

அடுத்து சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைத்து, தேசிய சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதியலாம். பணம் போன சில மணி நேரத்துக்குள் என்றால் எதிர்க்கணக்கிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். ஒரு மாதம் ஆன பிறகு அது குறைவு, ஆனாலும் ஒரே கணக்கின் மேல் பல புகார் சேர்வதால் பதிவது வீண்போகாது. வங்கி முழுதாகத் திருப்பித் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ரிசர்வ் வங்கியின் பாதுகாப்பு விதி, நமக்குத் தெரியாமல் போன பணத்துக்குத்தான். இதை அவரே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கிறார்.

பிறகு ஒரு நோட்டீஸ். வக்கீல்தான் எழுத வேண்டும் என்பதில்லை. எந்தத் தேதியில் எவ்வளவு, எதற்காக, என்ன வாக்குறுதி, என்ன நடக்கவில்லை, 15 நாளில் பணத்தைத் திருப்பவும் என்று ஒரு பக்கம் போதும். ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்பட்டும். பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி புகார்தாரர் வசிக்கிற மாவட்டத்திலேயே போடலாம். கம்பெனி சென்னையிலோ டெல்லியிலோ இருந்தாலும் ராமநாதபுரத்திலேயே வழக்கு. 5 லட்சம் வரை கட்டணமில்லை, நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் பதியலாம், இரண்டு ஆண்டு அவகாசம். தகராறை நடுவரிடமே தீர்க்க வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தில் இருந்தாலும் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை. "இது வணிக நோக்கம், அவர் நுகர்வோரே அல்ல" என்று எதிர்த்தரப்பு வாதிடும். புத்தகம் போட்டு வியாபாரம் செய்பவர் அல்ல, தன் ஒரு நூலுக்காகச் சேவை வாங்கியவர் என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடட்டும். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட முடிந்தால் பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் சட்டம்) 318(4) பிரிவில் காவல் நிலையப் புகாரும் தரலாம்.

பாதிப் பணத்தைத் திருப்பித் தருகிறோம், "எந்தக் குறையும் இல்லை" என்று எழுதிக் கொடுங்கள் என்பார்கள். பணம் கணக்கில் ஏறின பிறகு கையெழுத்து. கையெழுத்துப் பிரதியின் மேல் தங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று அவர்களும் எழுதித் தர வேண்டும்.

இன்னும் ஒரு அழைப்பு வரும், பெரும்பாலும் சில வாரம் கழித்து. "உங்களை ஏமாற்றினவர்களிடமிருந்து பணத்தை மீட்டுத் தருகிறோம், நீதிமன்றக் கட்டணம் 4,000" என்று. கட்டின தொகை, தேதியெல்லாம் சரியாகச் சொல்வார்கள். பட்டியல் அதே இடத்திலிருந்து போயிருக்கும்.

சங்குத்துறை (பெரியபட்டினம்)

அவகிட்ட அப்படியே அனுப்பிட்டேன், இன்னைக்கே 1930-க்குப் பேசுறா. நான் சொந்தமா 150 பிரதி போட்டுக்கலாம்னு இருக்கேன். முகவை சங்கமம் புத்தகக் கண்காட்சி வர்ற நேரத்துக்கு முடிச்சா நல்லது. ஐ.எஸ்.பி.என். விண்ணப்பத்துல பதிப்பாளர் பேர்ங்கிற இடத்துல என்ன போடணும்?

அச்சுக்கோத்தவர் (ராமநாதபுரம்)

உங்க சொந்தப் பேரையே போடலாம் அக்கா. பதிப்பகப் பேர் ஒண்ணு வைக்கிறதா இருந்தா, விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடியே அதை முடிவு பண்ணிடுங்க. அட்டை, உரிமைப் பக்கம், விண்ணப்பம் மூணுலயும் ஒரே எழுத்துக்கூட்டல்ல வரணும். எண் கைக்கு வராம அட்டையை அச்சுக்கு அனுப்பாதீங்க, பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டுற வேலை வந்துடும். இதுக்கே சில வாரம் தள்ளி வச்சுக்கங்க.

150 அடிக்கும்போது நாலு பிரதியை முதல்லயே தனியா எடுத்து வச்சிடுங்க. 1954-ஆம் வருஷத்து நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள்ள கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி போகணும். தபால் செலவு நம்மளோடது. இப்ப பதிப்பாளர் நீங்கதான், அதனால இந்த வேலையும் உங்களோடதுதான். மாவட்ட மைய நூலகத்துக்கும் ஒண்ணு குடுத்துடுங்க, அது சட்டம் இல்ல, நான் கேக்குறேன்.